இரவல் விரல்

தையல்காரருக்கு ஊசி என்றால் பயம். சிரிக்காதீர்கள். நாள் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்துகிறவர்தான். ஆனால் அது துணியைக் குத்துகிற ஊசி. தன்னைக் குத்துகிற ஊசி வேறு ரகம்.

மனைவி விடவில்லை. அவர் விரல் காயம் ஆறாமல் கிடக்கிறது, நூல் கோக்கக் கண் மங்குகிறது, கழுத்து கறுத்துவிட்டது. இது சர்க்கரைதான் என்று அடித்துச் சொன்னாள். மகள் வயிற்றில் இருந்தபோது அவளுக்கே சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போனது. அப்போது வாங்கிய, சர்க்கரை பார்க்கும் கருவியைத் தேடி எடுத்து, ரத்தச் சொட்டு வைக்கும் புதுப் பட்டையும் வாங்கி வைத்தாள்.

"வெறும் வயித்துல நீங்களே குத்திப் பாருங்க. எனக்கு ரத்தத்தைப் பார்த்தா தலை சுத்தும்."

மாதக்கணக்கில் தன் விரலைத் தானே குத்திக்கொண்டவளுக்குத் தலை சுற்றுமா என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் அவர் மூளை வேறு வேலையில் இருந்தது.

வீட்டில் தங்கியிருந்த மச்சினன் ஒல்லிக்குச்சி. ஒல்லியானவனுக்கு எங்கே சர்க்கரை வரப்போகிறது? புதுச் சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னதும் விரலை நீட்டிவிட்டான்.

கருவி நானூறைத் தாண்டிக் காட்டியது.

தையல்காரருக்கு வேர்த்தது. மச்சினனோ எதிரே செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். எழுந்ததிலிருந்து அதே வேலை. அவன் பேண்ட் இடுப்பை இந்த மாதமே இரண்டு முறை பிடித்துக் கொடுத்தது இவர் கைதான். தையல் நேராக விழுந்ததா என்று பார்த்தாரே தவிர, ஆள் ஏன் கரைகிறான் என்று பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் மச்சினன் போய்விடுவான்.

அடுப்படிக்குப் போய்த் தரையைப் பார்த்துச் சொன்னார். "நானூறுக்கு மேல காட்டுது. ஆனா அது என் ரத்தமில்ல. உன் தம்பியோடது."

அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"தெரியும். உங்களுக்கு வந்திருக்கிறது மெதுவா வர்ற சர்க்கரை. இன்னொண்ணு இருக்கு, இன்சுலின் சுரக்கிறதே நின்னுபோய் இளவயசுல திடீர்னு வரும், ஒல்லியா இருந்தாலும் விடாது. டெஸ்டுக்கு வாடான்னு அவன்கிட்ட கெஞ்சிப் பார்த்துட்டேன், அசையல. உங்க கையில ஊசியக் குடுத்தா அவன் விரலத்தான் தேடுவீங்கன்னு தெரியும்."

தையல்காரர் கருவியை அவள் கையில் கொடுத்தார்.

"வாசல்ல வண்டி நிக்குது. ஆஸ்பத்திரில ரெண்டு பேர் பேரையும் சொல்லியாச்சு, ஏறுங்க. அங்க இரவல் விரல் செல்லாது."