மைத்துனன் கொடுத்த இரண்டாவது சப்ளை

லிங்கராஜபுரம், பெங்களூர்.
திங்கட்கிழமை, காலை டிபனுக்குப் பின்.

அன்பு மைத்துனன் ஃபிராங்க்ளினுக்கு, உன் அக்கா புருஷன் ஓஸ்வால்ட் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நான், உன் அக்கா பிரிஜெட், எங்கள் மகள் லீனா, லீனாவின் கம்ப்யூட்டர் ஆகிய நால்வரில் மூவர் சுகம். அடுகோடியில் நீயும் உன் ரிப்பேர் கடையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மட்டும் நீ கொஞ்சம் சுகக்குறைவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. போன் பண்ணலாமே மாமா என்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

உன்னைத் திட்டுவதற்கு முன் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அக்கா மசாலா சேர்த்துச் சொல்வாள். போன மாதம் ஞாயிறு பூசையில் பிரசங்கம் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் கண் அசந்துவிட்டது. காதில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். உனக்கே தெரியும், நான் சோப்பு கம்பெனி பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ஆபரேட்டர். ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் கட்டடத்தில் மூன்று வீட்டுக்கும் தரைக்கடியில் இருக்கிற சம்ப்பிலிருந்து மொட்டைமாடி டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பொறுப்பு என் தலையில்தான். டாங்கி வழிந்தால் மாடி வீட்டு லட்சுமம்மா கன்னடத்தில், "ஓஸ்வால்ட் அவ்ரே, மோட்டார் ஆஃப் மாட்ரீ!" என்று போடும் கூச்சலில் தெருமுனை நாய் எழுந்து உட்காரும். ஆகையால் மோட்டார் சத்தம் காதில் விழுந்தால் மூளைக்கு முன்னால் என் கை எழுந்துவிடும். கோயிலிலும் எழுந்தது. பக்கத்துத் தூணில் இருந்த ஸ்விட்சைத் தட்டினேன். அது மைக் செட். ஃபாதருக்கு வாய் மட்டும் அசைகிறது. பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் உன் அக்கா வீடு வரும்வரை ஆட்டோவில் என் பக்கம் திரும்பவில்லை. சரி, என் கதை முடிந்தது. இனி உன் கதை.

நான் கேட்கிறேன், கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் எதற்கு? எங்கள் தெருவுக்கே நாள் விட்டு நாள்தான் காவேரி வருகிறது. மனுஷன் பக்கெட்டை எண்ணிக் குளிக்கிறான், இந்தப் பெட்டிக்கு இருபத்துநாலு மணி நேரமும் ரன்னிங் வாட்டரா? லீனா பொம்மைப் படம் செய்கிறாள், சிங்கப்பூர் கம்பெனி வேலைக்கு ஒரு நிமிஷப் படம் டெஸ்ட்டாகக் கேட்டிருக்கிறது, அதைப் பெட்டிதான் ஒவ்வொரு படமாக வரைந்து தள்ள வேண்டும், அந்த வேலையில் பெட்டி இட்லிக் குண்டான் மாதிரி கொதிக்கிறது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பழைய சாமான் விற்பவனிடம் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மோட்டார், மூன்று ஃபேன், ரெண்டு டியூப் வாங்கி வந்து தண்ணீரைச் சுற்றவிட்டாள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையில் இதற்கெல்லாம் கொடுக்க ஒயர் மிச்சமில்லை. அங்கேயே விட்டிருந்தால் அவள் வேறு புது சப்ளை பார்த்திருப்பாள். நீ வந்தாய். கையில் துருப்பிடித்த ஒரு டப்பாவோடு வந்தாய்.

"மாமா, இது ரெண்டாவது சப்ளை. தண்ணி மோட்டாருக்கும் ஃபேனுக்கும் மட்டும். நடுவுல பாருங்க, இந்தக் குட்டி போர்டு. மொதல் சப்ளை எழுந்துச்சுன்னா இது ரெண்டாவத தட்டி எழுப்பும். ரெண்டும் ஒண்ணா எழும், ஒண்ணா படுக்கும். சின்க்!" என்று சொல்லி என் தோளில் வேறு தட்டினாய். ரெண்டாவது நடுவில் செத்தால் முதலாவதுக்குத் தெரியுமா என்று அன்றைக்கு நான் கேட்டேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? "ஏன் மாமா அபசகுனமா பேசறீங்க, அந்த பிரியாணிய இப்படித் தள்ளுங்க." இது பதிலா? பம்ப் ஹவுஸில் கூலிங் தண்ணீர் நின்றால் பெரிய மெஷின் தானாக நிற்கிற மாதிரி ஏற்பாடு நாங்கள் அந்தக் காலத்திலேயே வைத்திருந்தோம், நான் வெறும் எஸ்.எஸ்.எல்.சி., அதுவும் ரெண்டாவது தடவையில். இதை உன் அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டால் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தப்ப மூணு மணிக்கு வந்து 'காபி எங்க'ன்னு கேட்டீங்களே, அந்த மாதிரி சின்க்கு போல." உன் குடும்பமே இப்படித்தான்.

அதோடு விட்டாயா? "எல்லாத்தையும் ஒரே போர்டுல சொருகாதீங்க, லோடு தாங்காது" என்று சொல்லி, ரெண்டாவது சப்ளையின் பிளக்கைக் கொண்டுபோய் ஹாலில் எங்கே சொருகினாய்? சம்ப் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்து ஸ்விட்சில்! வீடு முழுக்க இடம் இல்லையா ராஜா உனக்கு?

இப்போது சனிக்கிழமை கதைக்கு வருகிறேன். முந்தின நாளிலிருந்து பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, சாயந்திரம் ஆறு மணிக்குள் படத்தை அனுப்ப வேண்டும், மொத்தம் ஆயிரத்து நானூத்து நாற்பது படத்தில் ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் முடிந்துவிட்டது. மத்தியானம் ரெண்டரைக்கு லீனா துணி காயப்போட மாடிக்குப் போனாள். உன் அக்கா மாதர் சங்கக் கூட்டம். "டாடி, நீங்கதான் மோட்டார் எக்ஸ்பர்ட். அந்த 'ம்ம்ம்' சத்தம் நின்னா உடனே ஒரு குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற மகள் என் சர்வீஸை மதித்து ஒப்படைத்த முதல் டியூட்டி. நானும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணும் கருத்துமாகக் காவல் இருந்தேன். (சாம்பார் சாதம் சாப்பிட்டிருந்தேன் என்பது இங்கே முக்கியமில்லை.) திடீரென்று பெட்டி படக்கென்று அணைந்தது. திரை கறுப்பு. தொட்டுப் பார்த்தால் டியூப் சுடுகிறது! லீனா ஓடி வந்தாள், அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ரிசல்ட் போர்டில் நம்பர் இல்லாத பிள்ளை மாதிரி நின்றாள். உடனே உனக்குப் போன் போட்டாள். நீ என்ன சொன்னாய்?

"என் சப்ளை தங்கம் பாப்பா. கரண்ட் போயிட்டு வந்திருக்கும்."

"ஹால்ல சீலிங் ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு மாமா! உங்க டப்பாவ நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாள். நீ ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் அவளைத் தூக்கி நின்றவன், உன்னோடு அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

அப்புறம் நாங்கள் பட்ட பாடு! பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, அது ஆறியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டாள். மோட்டார் 'ம்ம்ம்' என்றது. நான் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அஞ்சு நாற்பத்தொன்றுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. நேற்று பதில் வந்தது, எடுத்துக்கொண்டார்களாம், அடுத்த மாதம் பதினாலாம் தேதி சிங்கப்பூர். அதில் உனக்கு எந்தப் பங்கும் கிடையாது. அவளை வழியனுப்பக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு உன்னைக் கூப்பிடக்கூடாது என்று லீனா சொல்லிவிட்டாள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். உன் டப்பாவை அட்டைப்பெட்டியில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ. பெல் அடிக்க வேண்டாம்.

உனக்கும் குளோரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை இருக்கட்டும். உன் கடையில் டப்பா வாங்கிப் போகிறவர்களுக்கும் இருக்கட்டும், அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்,
உன் மாமா ஓஸ்வால்ட்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். மேலே உன்னைத் திட்டியிருக்கிற இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். சம்ப் மோட்டார் ஸ்விட்ச் என்று நினைத்து உன் சப்ளையின் ஸ்விட்சை அணைத்தது நான்தான். சாம்பார் சாதம், கண் அசந்தது, 'ம்ம்ம்' கேட்டது, கை எழுந்துவிட்டது. பெட்டி நின்ற பிறகு சத்தம் போடாமல் ஸ்விட்சைப் பழையபடி போட்டுவிட்டேன். உன் சப்ளை தங்கம்தான். டப்பாவை எடுக்க வராதே, சாப்பாட்டுக்கு வா. இன்றைக்கே லீனாவிடம் ஸ்விட்ச் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். திட்டுவாள், கோயில் மைக்கை நினைத்துச் சிரிப்பாள், தானே உனக்குப் போன் பண்ணுவாள்.

அவளிடம் சொல்லப்போவது அவ்வளவுதான். உனக்கு மட்டும் இன்னும் ஒன்று. ஸ்விட்சைத் தட்டிய உடனேயே எனக்கு முழிப்பு வந்துவிட்டது ஃபிராங்க்ளின், எந்த மோட்டார் நின்றது என்று எனக்குத் தெரியாமலா போகும்? உடனே திரும்பப் போட்டிருந்தால் பெட்டி சூடேறி நின்றே இருக்காது. நாலு நிமிஷம் விரலை ஸ்விட்ச் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மாடியில் அவள் துணி உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்து நின்றது. போகாதம்மா.