சோதினை அண்ணை கடித்துப் பார்த்த மீன்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளையாட்டுச் சாமான் விற்றுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் விற்கிற சாமானைத் தானே முதலில் சப்பி, நிலத்தில் அடித்து, மேலே ஏறிக் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "இது உங்கடை பிள்ளைக்குச் சரிவராது, போயிட்டு வாங்கோ" என்று வாங்க வந்த சனத்தைத் துரத்திவிட்டவர் ஒரே ஒருவர்தான். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. பரீட்சையை நாங்கள் சோதினை என்போம். எல்லாவற்றையும் சோதித்ததால் அவர் சோதினை அண்ணை ஆனார். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அது போதும்.

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டி, அதற்குக் கீழே கடை. நெற்றி நிறையத் திருநீறு, காதில் செவ்வரத்தம்பூ, வாயில் ஒரு பிளாஸ்ரிக் கார். சில்லைக் கடித்தபடியே விலை சொல்லுவார். முன்பல் ஒன்று ஏற்கெனவே ஒரு றெயில் எஞ்சினோடு போய்விட்டது. எஞ்சின் தப்பியது என்று அதைப் பெருமையாக வேறு சொல்லுவார்.

"அண்ணை, இதிலை பல்லடையாளம் கிடக்குதே?"

"அதுதான் காரண்டி. என்ரை பல்லுக்குத் தப்பினது உங்கடை பிள்ளையின்ரை பல்லுக்கும் தப்பும்."

மானிப்பாயிலிருந்து வந்த ஒரு வாத்தியார் மகனுக்கு ஊதுகுழல் கேட்டார். சோதினை அண்ணை குழலை வாத்தியாரின் காதுக்குப் பக்கத்தில் வைத்து, மானிப்பாய் பஸ் வந்து நிற்கும்வரைக்கும் ஊதினார். "இப்ப சொல்லுங்கோ, உது வீட்டுக்கு வேணுமோ?" வாத்தியார் பஸ் ஏறிவிட்டார். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று பக்கத்தில் நிலக்கடலை விற்கும் கச்சான்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

எனக்கும் அவருக்கும் சண்டையும் கொழுவலும் வந்த கதையைச் சொல்லுகிறேன். மண்ணெண்ணெய் விலை ஏறி, வாடைக் காற்றும் சேர்ந்துகொண்டு, எங்கள் குருநகர் வள்ளங்களையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்த வருடம். என் கணவர் தொழிலுக்குப் போக வழியில்லாமல் வாசலில் குந்தியிருந்து, ஓட்டையே இல்லாத வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள் ஷெரோமிக்கு நாலு வயது. மகன் டெனிக்கு ஒன்றரை. கிறிஸ்மஸ், எங்கள் பேச்சில் நத்தார், வந்துகொண்டிருந்தது. மழை வருவதுபோல அதுவும் யாரையும் கேட்டு வருவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் தாய் தகப்பன்மார் பரிசைச் சுற்றி, பிள்ளையின் பெயர் எழுதி, கரோல் பெடியளிடம் இரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும். பொழுதுபட்டதும் மேளம் அடித்துக்கொண்டு கரோல் வரும். முகமூடி போட்ட நத்தார் தாத்தா ஒழுங்கை முகப்பில், சந்து தொடங்குகிற இடத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். அங்கேயே பிரித்தும் பார்க்க வேண்டும். ஊர் முழுக்கச் சுற்றி நிற்கும். யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் வெளிச்சமாகிவிடும்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பிலோ அக்காவின் மகன் கெவினுக்குப் பிரான்ஸிலிருந்து மாமா அனுப்பிய பெரிய பெட்டி வந்தது. ஷெரோமிக்கு நான் வாங்கிய சாவி கொடுக்கிற தவளை. அது ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, பிறகு செத்துப்போனது. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை சனமும் கேட்க, "அம்மா, தாத்தாவுக்கு எங்களிலை விருப்பமில்லையோ?" என்றாள். அந்தக் கேள்வி ஒரு வருடமாக எனக்குக் கரைச்சல் கொடுத்தது. இந்த முறையும் அவள் அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்தே நித்திரை கெட்டது. கையில் இருந்த காசோ ஒரு பிள்ளைக்கு ஒழுங்கான சாமான் வாங்கக் காணும், இரண்டு பிள்ளைக்குக் காணாது.

அந்த நிலைமையில்தான் சோதினை அண்ணையிடம் போனேன்.

"எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. பெரியவளுக்கு நாலு, சின்னவனுக்கு ஒண்டரை."

"சின்னவர் எறிவாரோ, சப்புவாரோ?"

"ரெண்டும்தான்."

"பெரியவ கடிப்பாவோ?"

"என்ன அண்ணை, நான் நாயே வளக்கிறன்?"

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ தங்கச்சி. உங்களுக்குப் பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

பின்னால் ஒருவரும் இல்லை. ஒரு ஆடுதான் நின்றது.

அவர் ஒரு வலைப்பையை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டு தட்டுப் போட்ட பிளாஸ்ரிக் தராசு ஒன்றும், இறப்பர் மீன்கள் கொஞ்சமும். "ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சாமான் வாங்கிறது பிழை. ஒரு சாமானை ரெண்டாப் பிரிக்கோணும். தராசு பெரியவளுக்கு, மீன் சின்னவருக்கு. ஒருத்தர் இல்லாமல் மற்றவர் விளையாடேலாது. சண்டை வந்தாலும் கெதியாச் சமாதானமாகும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மீன்காரன்ரை பிள்ளைக்கு நத்தாருக்கும் மீனோ? எங்கடை வீட்டிலை மீன் மணம் காணாதே? என்ரை பிள்ளையை நான் டொக்டராக்கப் போறன். அந்த டொக்டர் செற்றை எடுங்கோ."

"அது தரமாட்டன். குழாயை இழுத்துப் பாத்தனான், சரியில்லை."

"அப்ப ஏன் கடையிலை வைச்சிருக்கிறியள்?"

"ஆக்கள் வாங்காமல் பாக்கிறதுக்கு."

இந்த மனிதரோடு யார் கதைப்பது. நான் கோபத்தில் வேறொரு கடைக்குப் போய், அதே மாதிரி ஒரு மலிவு டொக்டர் செற்றும், டெனிக்குக் கயிற்றில் இழுக்கிற மஞ்சள் வாத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருந்த காசு அதோடு தீர்ந்தது. பெட்டிகள் பெரிதாகத்தான் இருந்தன. அன்றைக்கு இரவு கொஞ்சம் நித்திரை கொண்டேன்.

நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம். ஷெரோமி நித்திரை. நான் அறைக்குள் குந்தியிருந்து வாத்தைச் சுற்ற எடுத்தேன். வாத்துக்கு ஒரு கண்ணைக் காணவில்லை. பாயை உதறினேன், பாவாடையை உதறினேன். திரும்பிப் பார்த்தால், நித்திரை என்று நான் நினைத்த டெனி சத்தமில்லாமல் எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கிறது.

எப்படி அவனைப் பிடித்தேன், எப்படி விரலை விட்டேன் என்பது எனக்கே தெரியாது. கறுப்புக் கண் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவன் ஒரு நிமிடம் அழுதான். நான் நிறைய நேரம் அழுதேன். என் கணவர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, விசயத்தைக் கேட்டு, வாத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மற்றக் கண்ணையும் கழட்டிப்போட்டுக் குடும். குருட்டு வாத்தெண்டு சொல்லுவம்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், அவருக்கும் வரவில்லை.

பிறகு டொக்டர் செற்றைத் திறந்தேன். கை தன்பாட்டில் குழாயைப் பிடித்து இழுத்தது. குழாய் கையோடு வந்தது.

பலகாரத்துக்கென்று ஒதுக்கி வைத்த காசை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். பெயர் எழுதிய பார்சல்களைக் கரோல் பெடியள் நாலு மணிக்குப் பிறகு வாங்கமாட்டார்கள். சோதினை அண்ணை கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தால்? அந்த மீன்பையை வேறு யாராவது வாங்கியிருந்தால்? வழி நெடுகத் தேவமாதாவிடம் இதையேதான் கேட்டேன். கடற்கரை வீதியிலிருந்து பஸ் நிலையம் அவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தறப்பாள் நின்றது. சோதினை அண்ணையும் நின்றார், ஆள் குந்தக்கூடிய ஒரு வெறும் பிஸ்கட் பெட்டிக்குள். இரண்டு காலையும் பெட்டிக்குள் வைத்து, திருநீறு மழையில் வழிய, மெதுவாகக் குந்தி எழும்பிக்கொண்டிருந்தார். கச்சான்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மூச்சு வாங்கி வாங்கி வாத்தின் கதையைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லப்போகிறார், சொன்னால் அந்தத் தராசாலேயே அடிப்பேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய், "பிள்ளை சுகமாய் இருக்கிறாரோ? வடிவாய் மூச்சு விடுறாரோ?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்று சொன்ன பிறகும் இன்னொருமுறை கேட்டார்.

பிறகு வலைப்பையைப் பிரித்து, மீன் ஒவ்வொன்றையும் என் கண்முன்னாலேயே திரும்பக் கடித்துக் கழுவித் துடைத்தார். விலை, நான் இரண்டு சாமானுக்குக் கொடுத்ததில் பாதிகூட வராது. மீனை அந்தப் பிஸ்கட் பெட்டிக்குள் போட்டார். "இந்தப் பெட்டியை எறியாதேங்கோ தங்கச்சி. சின்னவருக்கு மீன் இரண்டாவது. பெட்டிதான் முதலாவது. நான் ஏறி நிண்டு பாத்தனான், தாங்கும்."

வீட்டுக்கு வந்து சுற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒரு சாமானை இரண்டாக உடைத்துப் பிள்ளைகளை ஏமாற்றுகிறேன், அதுவும் மீன். பொழுதுபட மழை விட்டது, மேளச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முகப்புக்குப் போனேன்.

முதலில் கெவின். பற்றரியில் ஓடுகிற கார், லைற் எரிந்தது, பாட்டுப் பாடியது. சனம் "ஆ" என்றது. அடுத்தது ஷெரோமியும் டெனியும். அவள் தன் கடதாசியைக் கிழித்தாள், தராசை எடுத்தாள், பார்த்தாள். கண்ணைத் தூக்கி என்னைத் தேடினாள். கேட்கப்போகிறாள் என்று நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் டெனி பெட்டியைத் திறந்து, மீனையெல்லாம் நிலத்தில் கொட்டிவிட்டு, பெட்டிக்குள் ஏறிக் குந்திவிட்டான். குந்திக்கொண்டு ஒரு சுறாவை எட்டி எடுத்து வாயில் வைத்தான். ஷெரோமி போய் அதைப் பிடுங்கினாள். தராசில் போட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்து, தகப்பனோடு சந்தைக்குப் போய்ப் போய்ப் பழகிய குரலில் ஏலம் கூறத் தொடங்கினாள்.

"சுறா, சுறா, இப்ப வந்த சுறா. பத்து ரூபா. பத்து ரூபா ஒருதரம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து வள்ளச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் குரல் கேட்டது. "பதினொண்டு."

"பன்ரெண்டு," என்றார் இன்னொருவர்.

கிழமைக்கணக்காகக் கடலைக் காணாத ஆம்பிளைகள். சந்தையில் மீனும் இல்லை, ஏலமும் இல்லை. கரோல் பாட்டை விட்டுவிட்டு எல்லாரும் முன்னுக்கு வந்தார்கள். நத்தார் தாத்தா முகமூடிக்குள்ளிருந்து, "இருவது" என்றார்.

ஷெரோமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கைக்காசு இருக்கோ தாத்தா? கடன் இல்லை."

சனம் சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கெவின் காரைப் போட்டுவிட்டு மீன் வாங்க வந்து வரிசையில் நின்றான். அப்போதுதான் என் கணவர் என் கையை விட்டுவிட்டுப் போனார். டெனி இருந்த பெட்டியைப் பின்னாலிருந்து பிடித்து, "ஏலேலோ" என்று தள்ளிக்கொண்டு ஒழுங்கை நெடுக ஓடினார். அந்த வருடம் அவர் தள்ளி இறக்கிய கடைசி வள்ளம் அதுதான். மீனும் நிறையப் பட்டது.

ஷெரோமி அன்றைக்கு என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, வியாபாரம் அப்படி.

நத்தார் முடிந்து சோதினை அண்ணை சைக்கிளில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். "விசாரிக்க வரேல்லை. சாமானைப் பாக்க வந்தனான்." பிள்ளைகள் சந்தோசப்பட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே, இல்லை. மீன்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுறாவின் முதுகில் அவருடைய பெரிய பல்லடையாளம், அதற்குப் பக்கத்தில் டெனியின் சின்னப் பல்லடையாளம். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"தப்பீட்டுது," என்றார். "இதை நான் கொண்டுபோறன். கடையிலை தூக்கிவிட்டால் சனத்துக்கு நம்பிக்கை வரும்."

"ஏலத்திலைதான் எடுக்கலாம்," என்றாள் ஷெரோமி.

சோதினை அண்ணை சட்டைப்பையைத் தடவி, ஒரு பலூனை எடுத்து நீட்டினார். ஷெரோமி வாங்கி ஊதி, இழுத்து, நிலத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சுறாவைக் கொடுத்தாள்.

அந்தச் சுறா இன்றைக்கும் நீலத் தறப்பாளுக்குக் கீழே தொங்குகிறது. டெனிக்குச் சப்புகிற வயது போய்விட்டது. ஆனாலும் நத்தார் நெருங்கினால் எதையாவது சாட்டி அந்தப் பக்கம் போவேன், இரண்டு பேச்சு வாங்கிக்கொண்டு வருவேன். போன கிழமை போனபோது அவர் ஒரு மர யானையைக் கடித்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் மேலே இன்னும் இரண்டு பல்லைக் காணோம். அன்றிலிருந்து பூசையில் மன்றாட்டு நேரத்தில் அவருடைய மிச்சப் பற்களுக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு சைவக்காரரின் பல்லுக்காக மாதாவிடம் மன்றாடலாமோ என்று பங்குச் சுவாமியாரிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.