துண்டுக்குள் ஒரு கல்லூரி

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் என் முகம் வயிற்றுவலிக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று மாமனார் சுக்குக் கஷாயம் போடச் சொல்லிவிட்டார். (உண்மையில் நான் அப்போது மனசுக்குள் முகூர்த்தத் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.) இந்த முகத்தை எனக்குப் பழக்கியவர் என் அப்பா. அதனால் கைநழுவிப் போனது ஒரு கல்லூரி.

அப்பா விழுப்புரத்தில் மாட்டுத் தரகர். அந்தத் தொழிலில் பிடித்த மாட்டைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது. கொம்பு கோணல், நடை சரியில்லை என்று குறை சொல்ல வேண்டும். விலையை வாயால் சொல்லாமல், எதிராளியின் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் அவன் விரல்களைப் பிடித்துச் சொல்ல வேண்டும். படியவில்லையா, எழுந்து நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மாட்டுக்காரன் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிடுவான். (கூப்பிட்டதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.)

அறுபதுகளின் நடுவில், ரயிலில் போய்வருகிற தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் நான் வேதியியல் முதல் வருஷம் முடித்திருந்தேன். அங்கே ஆய்வகம் இருந்தது, ரசாயனம்தான் இல்லை. விரிவுரையாளர் காலிக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டி, "இப்போது நீலமாகிவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். நாங்களும் பயபக்தியுடன் எழுதிக்கொள்வோம். அந்த நீலத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சென்னையில் பெயர்பெற்ற ஒரு கல்லூரிக்கு, இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிப்போட்டேன்.

"முதலில் டி.சி. வாங்கி அனுப்பவும்" என்று அங்கிருந்து பதில் வந்தது. எங்கள் கல்லூரி குமாஸ்தாவிடம் ஓடினேன். "அங்க சீட் குடுத்ததா லெட்டர் கொண்டா, டி.சி. தர்றேன்" என்றார். சென்னைக்கு மறுபடி எழுதினேன். டி.சி. இல்லாமல் இடம் பற்றிப் பேச இயலாது என்றார்கள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டி.சி.ய வாங்கிக்கினு போய், அவன் சீட் குடுக்கலன்னா நீ நடுத்தெருவுல நிப்ப தம்பி" என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு பேரும் நியாயமாகப் பேசும்போது எனக்கு மட்டும் ஏன் தலை சுற்றுகிறது என்பதுதான் புரியவில்லை.

அந்தச் சென்னைக் கல்லூரியின் துணை முதல்வருக்குச் சொந்த ஊர் திண்டிவனம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்ற செய்தியை அப்பா சந்தையில் பிடித்துவிட்டார்.

"லெட்டர் போட்டா எவன்டா மாடு புடிப்பான்? ஜல்தி கெளம்பு, நேர்ல போவலாம்."

ரயிலில் எனக்குப் பாடம் நடந்தது. "மூஞ்சில ஆசையக் காட்டாத. காட்டினா பேஜாரு ஆயிடும்."

"யப்பா, இது காலேஜு."

"எதுவா இருந்தா இன்னா? குடுக்கறவன் குடுக்கறவன்தான்."

துணை முதல்வர் தங்கமான மனிதர். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். என் மதிப்பெண்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நல்லா வாங்கியிருக்கானே! டி.சி. மெதுவா வரட்டும், முதல்ல நான் ஒரு கடிதம் தர்றேன்" என்று பேனாவைத் திறந்தார். இத்தனை நாள் சிக்கல் ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டது. சும்மா பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டார். "எங்க காலேஜுக்கு ஏம்ப்பா வரணும்னு நினைக்கிற?"

நீலம் தொண்டை வரை வந்துவிட்டது. அப்பா கனைத்தார்.

"அப்படி ஒண்ணும் பெரிய ஆசை இல்லைங்க சார். நாலு எடம் பாத்துக்கினு இருக்கோம்" என்றேன்.

பேனா நின்றது. அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. உற்சாகமாக ஆரம்பித்தார். "மெட்ராஸ்னு பேருதான் பெரிசுங்க. தண்ணி உப்பு. ஆஸ்டல் சோத்த வாயில வைக்க முடியலன்றாங்க. கட்டடம் வேற பழசாமே?"

"அப்படின்னா எதுக்குங்க வந்தீங்க?" என்று அவர் குழம்பிப் போய்க் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பேரம் சூடு பிடித்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டார். தோள் துண்டை எடுத்து உதறினார். துணை முதல்வரின் வலது கைமேல் போட்டார். துண்டுக்குள் தன் கையை விட்டு அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார்.

அவர் தேள் கொட்டியதுபோல் கையை உருவிக்கொண்டார். "என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க? லஞ்சமா? எழுந்திருங்க!"

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "யப்பா, துண்டுக்குள்ள எவ்வளவு சொன்ன?"

"துட்டு எங்கடா சொன்னேன்? ரெண்டாவது வருசத்துக்குத்தான் கேக்கறோம்னு சொன்னேன். அந்தாளுக்கு வெவரம் பத்தல."

திரும்பிப் பார்க்கப் போனேன். அப்பா என் கழுத்தைப் பிடித்து நேராகத் திருப்பினார். "பாக்காத! கூப்புடுவான்."

நடந்தோம். கூப்பிடுகிறவருக்கு வசதியாக மெதுவாகவே நடந்தோம். வெற்றிலைக் கடையில் நின்றோம், அறுந்துபோகாத செருப்பைத் தைக்கக் கொடுத்தோம். யாரும் ஓடிவரவில்லை. ஸ்டேஷனில் ஒரு ரயிலை வேண்டுமென்றே விட்டோம். அடுத்ததில் ஏறினோம். வண்டி நகர்ந்ததும் அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பிப் பார்த்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவரை அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் போய், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மல்லாட்ட துன்றியா?" என்றார்.

"வேணாம்பா."

என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினார்.

பழைய கல்லூரியிலேயே மீதி நிறங்களையும் எழுதிக்கொண்டு பட்டம் வாங்கினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாரானேன். அங்கே ஒருநாள் என் கையிலிருந்த குழாய் நிஜமாகவே நீலமானபோது, வகுப்பில் கத்தியது நான் ஒருவன்தான்.

அப்பா கடைசிவரை அந்தப் பேரத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னும் முடியலடா" என்பார். அதனால்தான் இன்றைக்கும் வீட்டில் போன் அடித்து நான் எழுந்திருக்காமல் இருந்தால், என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள். "எடுங்க, திண்டிவனத்துக்காரரா இருக்கப் போவுது!"

நான் முகத்தை வயிற்றுவலிக்காரன் மாதிரி வைத்துக்கொண்டு போய் எடுக்கிறேன்.