பராமரிப்புக்கு ஒரு வெற்றிடம்

நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் அரை மணிநேரம் இருந்தது. அதற்குள், கைகழுவும் இடத்தில் பைப் சொட்டுவதை றொபின்சன் கண்டுவிட்டான்.

எல்கடுவயிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, பஸ் மாறி மாறி, கலேவெலயிலுள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர், வெற்றிடம் ஒன்று. வயதெல்லை முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவனுக்கு முப்பத்தாறு பிறக்கிறது. இதை விட்டால் வேறு கதியில்லை.

பக்கத்து நாற்காலியில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு வந்திருந்த நிஷாந்தினி பேச்சுக் கொடுத்தாள்.

"இங்க கேள்வி கேக்கிறது குறைவாம் அண்ணே. செஞ்சு காட்டத்தான் சொல்லுவாங்களாம்."

றொபின்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப அந்த பைப்புதான் பரீட்சை! வேணும்னே சொட்ட விட்டிருக்காங்க. யாரோ ஒளிஞ்சு நின்னு பாக்கிறாங்க."

"ஐயோ, சும்மா இருங்கண்ணே!"

சும்மா இருப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்து, ஒரு திருகு திருகினான். சொட்டுவது நின்றது. பீய்ச்சத் தொடங்கியது.

"கூடிப்போச்சே!" என்றாள் நிஷாந்தினி.

"இது ரெண்டாவது கேள்வி," என்று சொல்லி இன்னும் இறுக்கினான். பைப் கழன்று கையோடு வந்துவிட்டது.

சட்டை, டை, சான்றிதழ்கள் எல்லாம் குளித்தன. நிஷாந்தினி ஃபைலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினாள்.

"மெயின் வால்வ மூடுங்கண்ணே!"

பின்பக்கம் ஓடினான். கண்ணில் பட்ட சிவப்புச் சக்கரத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். அது தோட்டத்துத் தெளிப்பான்களைத் திறக்கிற வால்வு. முற்றத்தில் காயவைத்திருந்த ஆறு மாதத்து மண் மாதிரிகள்மேல் மழை கொட்டியது. உள்ளேயிருந்து ஓடிவந்த பேராசிரியர் சிங்களத்தில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் அலறினார்.

தண்ணீர் இறைக்கிற மோட்டாரையாவது நிறுத்தலாமென்று றொபின்சன் சுவிட்ச் பலகையில் கை வைத்தான். தனி லைனிலிருந்த மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிலையம் முழுவதும் மின்சாரம் போயிற்று.

கடைசியில் பியோன் பொன்னையா ஆடி அசைந்து வந்து சரியான வால்வை மூடினார்.

றொபின்சன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காலையில் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்து, "வேலையோடதான் வரணும்," என்று அனுப்பிவைத்த மனைவி ரொஷானிக்கு என்ன சொல்வது? சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, கேட்டை நோக்கி நடந்தான்.

பொன்னையா மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்.

"எங்க போறீங்க தம்பி? இங்க ரிப்பேருக்கு ஆளே தேவையில்லன்னு காலையிலதான் உங்க வெற்றிடத்த வெட்டினாங்க. இப்ப புரொபசர் ஒடனே மூணு பேரு வேணுங்கிறாரு, வந்திருக்கிறது நீங்க ஒருத்தருதான்!"