கண்மாய்க்கு முளைத்த வால்

சக்தி, பிரியா, ரெண்டு பேரும் இதை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்" என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கப்பா இந்தியாவுக்கே மேப் போடுறார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் அப்பா மேப் போடுகிறவன் இல்லை, மேப்புக்காக நடக்கிறவன். சொந்தமாக நான் மேப் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டேன். அதில் உங்கள் தாத்தாவின் மாட்டுக்கொட்டம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாணார்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களை எல்லாம் வரைபடத்தில் ஏற்றுவதற்காக, தேசிய அளவில் பெரிய புவியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். செயற்கைக்கோள் எடுத்த படம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் நம் கண்மாய்களைத்தான் தெரியுமே, தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம் அதிகம். வானத்திலிருந்து பார்த்தால் எது கண்மாய், எது அடுத்தவன் காடு என்று பிரிக்க முடியவில்லையாம். அதனால் ஓரத்தோடு நடந்து எல்லை காட்ட ஓர் ஆள் வேண்டும். முள்ளுக்குப் பயப்படாத ஆள், வேறு வேலை எதுவும் இல்லாத ஆள் என்று விசாரித்தபோது, ஊரே ஒற்றுமையாக என்னைக் கைகாட்டியது.

வந்தவர்களுக்குத் தலைவி ரேவதி மேடம். சென்னைக்காரர். கரையில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, நகைக்கடையில் பெண்கள் வளையலைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவர் ஒரு மஞ்சள் மெஷினை என் கழுத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"செல்வம், ஆன் பண்ணிட்டேன். கண்மாய் ஓரத்தை விட்டு விலகாம ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நீங்க நடக்குற வழிதான் எல்லைக் கோடு."

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. (புவியியல் வாத்தியார் இரக்கப்பட்டுப் பாஸ் போட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.) என் நடையை வைத்து டெல்லியில் கோடு போடுவார்கள் என்றதும் தலை கால் புரியவில்லை. முள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பாதிச் சுற்றில்தான் வினை. கண்மாயின் அந்தக் கரையில் இருப்பது உங்கள் அம்மா ஊர். எங்களுக்கு அப்போதுதான் பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தது. போட்ட கையோடு உங்கள் தாத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, இனிமே தாலியோட வந்தாப் போதும். அதுவரைக்கும் இந்தத் தெருவுல உங்க செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது" என்று சொல்லியிருந்தார். வீட்டில் ஒரே போன். அது தாத்தாவின் மடியிலேயே இருக்கும். குளிக்கும்போதுகூடக் கொடியில் தொங்கும் வேட்டிக்குள் இருக்கும் என்று கேள்வி.

கரை மேட்டில் ஏறியதும் அந்த ஊர்த் தென்னை மரங்கள் தெரிந்தன. வெறும் மரம்தான், ஆனால் கால் கேட்கவில்லை. செத்த நேரம்தானே என்று இறங்கி ஓடினேன். தெருவுக்குள் நுழையாமல், பின்பக்கமாகச் சுற்றி மாட்டுக்கொட்டத்தின் மண்சுவர் ஓரம் போய் நின்றேன். (தெருவில்தானே செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது. கொட்டம் தெருவில் சேர்த்தி இல்லை. அப்படித்தான் எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.)

சாணி அள்ளிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, சுவருக்கு மேலே என் தலையைப் பார்த்ததும் முதலில் கேட்டது என்னைப் பற்றி இல்லை.

"கழுத்துல என்னங்க அது, மஞ்சளா?"

"ஜிபிஎஸ்சு. நான் எங்க நடந்தாலும் எழுதிக்கிட்டே வரும்."

"அப்ப இங்க வந்ததையும் எழுதியிருக்குமே."

"ஏ, இது கண்மாய் அளக்குற மெசினு. ஒங்க வீட்ட அளக்க இதுக்கு என்ன தலையெழுத்தா?"

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கண்மாய் ஓரம் நடந்தால் கோடு போடும், வேறு எங்கு போனாலும் கண்ணை மூடிக்கொள்ளும் என்று. கவர்மெண்ட் மெஷினுக்கு அந்த அளவு மரியாதை தெரியும் என்று நம்பியவன் உங்கள் அப்பா.

கொஞ்ச நாள் கழித்து, கண்மாய்த் தண்ணீர் பாயும் ரெண்டு ஊர் விவசாயிகளையும் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். படம் சரிதானா என்று ஊராரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் மேலே அனுப்புவார்களாம். சுவர் நிறையப் படத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீல நிறத்தில் கண்மாய். அந்த நீலத்திலிருந்து மெலிசாக ஒரு வால் கிளம்பி, வயல்களைத் தாண்டி ஊருக்குப் பின்னால் போய் ஒரு முடிச்சாக நின்றது. முன் வரிசையில் உங்கள் தாத்தா, தோளில் துண்டோடு.

"இங்கதான் ஒரு சந்தேகம்," என்றார் மேடம் வாலைத் தொட்டு. "சாட்டிலைட் படத்துல இது இல்ல. நடந்து எடுத்த கோட்டுல மட்டும் வருது. பழைய வாய்க்கால் ஏதாவது இருந்துச்சா? முடியுற இடத்துல ஒரு மடை மாதிரியும் தெரியுது."

தாத்தாவுக்கும் பக்கத்துத் தோப்பு வெள்ளைச்சாமிக்கும் வரப்புத் தகராறு. வெள்ளைச்சாமி எழுந்தார்.

"இருந்துச்சும்மா. பெரிய வாய்க்கா. எங்கய்யா அதுல கெளுத்தி பிடிச்சிருக்காரு."

ஒருவர் சொன்னால் போதாதா. இன்னொருவர் அதில் நீச்சலே பழகியதாகச் சொன்னார். மூன்றாமவர் அந்த வாய்க்காலில் வெள்ளம் வந்து தன் சித்தப்பாவின் ஆடு போனதாகக் கண் கலங்கினார். வி.ஏ.ஓ. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த மாட்டுக்கொட்டம் வாய்க்காப் பொறம்போக்குலதான நிக்குது. எடுக்கச் சொல்லணுமே" என்றார்.

உங்கள் தாத்தா எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. "எங்க பாட்டன் காலத்துக் கொட்டம்யா அது. அங்க எங்கிட்டு வாய்க்கா ஓடுச்சு?" குரல் உடைந்திருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் மாமாவுக்குக் கொட்டம் போகும். திறந்தால் எனக்குக் கல்யாணம் போகும். எழுந்து நின்றேன்.

"மேடம், அது வாய்க்கால் இல்ல. நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. மேடத்துக்கு மட்டும் புரிந்து, படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அந்த முடிச்சு?" என்றார் வி.ஏ.ஓ.

"அங்கன நின்னு பேசிக்கிட்டு இருந்தேன் சார்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப வெள்ளச்சாமி, ஒங்கய்யா பிடிச்ச கெளுத்தி?"

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அம்புட்டு நேரம் என்ன பேசுனீக?"

"மாடு நல்லாருக்கான்னு கேட்டேன் மாமா."

அவர் என்னை விட்டுவிட்டு மேடத்திடம் திரும்பினார். "ஏம்மா, அந்த மெசினு வேற என்னென்ன சொல்லும்?"

ஆராய்ச்சிக்காரர்களிடம் இதுதான் கஷ்டம். கேட்டால் மறைக்கத் தெரியாது. மேடம் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். "நேரம், வேகம் எல்லாம் இருக்குங்கய்யா. போகும்போது ஓடியிருக்காரு. திரும்பும்போது ரொம்ப மெதுவா வந்திருக்காரு. நடுவுல அங்கங்க நின்னு நின்னு."

"திரும்பும்போது மெதுவாவா?"

"ஆமாங்கய்யா."

தாத்தா துண்டை எடுத்து உதறினார். அடி எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது தோளுக்குப் போனது.

"ஆவணி வரைக்கும் தாங்காதுப்பா இது," என்றார் சபையைப் பார்த்து. "அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம். இல்லைன்னா எங்க ஊரு மேப்புல தெருவுக்குத் தெரு வாய்க்கா ஓடும்."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், நாம் அம்மா ஊருக்குப் போனால் தாத்தா ஏன் வாசலிலேயே "ஏலே, வாய்க்காத் தண்ணி வந்துருச்சு" என்கிறார் என்று. நான் வேலை முடிந்து வரத் தாமதமானால் உங்கள் அம்மா போன் போட்டு, "என்ன, மடைய அடைச்சுட்டாங்களா?" என்று கேட்பதும் அதனால்தான்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கூட்டம் கலைந்ததும் மெஷினைக் கையில் கொடுத்து, "இன்னொரு தடவை நடந்துருங்க செல்வம். இந்தத் தடவை கண்மாய் மட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் தனியாக நடந்தேன். தென்னை மரங்கள் தெரிந்த மேட்டில் தலையைக் கரைப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன். முள் கிழித்த இடத்தில்கூட ஓரத்தை விட்டு விலகவில்லை. சுற்று முழுசாக முடிந்தது. கோடு சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்த்தேன். மெஷினை அணைத்தேன். அணைத்தது போதுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தென்னை மரங்களைப் பார்த்து நடந்தேன்.