உஷாருக்கு ஒரு பயோடேட்டா

கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பூட்டுகளை எல்லாம் தராசில் ஒரு தட்டில் குவித்து, இன்னொரு தட்டில் உஷாரை உட்கார வைத்தால், உஷார் பக்கம்தான் தாழும். அப்படியொரு ஜாக்கிரதையான மனிதர். எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டார், "உஷாரா இரு" என்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை என்னிடம் சொல்வதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் அவர் வந்தார். மணலூர்பேட்டைப் பக்கத்து ஆள், வயது ஐம்பத்து மூன்று. என் கடைக்கு இரண்டே படி. அதையும் தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். ஏறியதும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செக்யூரிட்டி வேலைக்கு ஒரு பயோடேட்டா வேண்டும் என்று ரகசியம் போலச் சொன்னார்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கேட்டுக்கு ஆள் எடுத்தார்கள். இவருக்கோ கரும்பு வெட்டி வெட்டி முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அடுத்த வாரம் கர்நாடகாவுக்குக் கரும்பு வெட்டக் கிளம்பும் கும்பலில் மேஸ்திரி இவர் பெயரையும் சேர்த்துவிட்டார். கேட் வேலை கிடைத்தால் நாற்காலி, இல்லாவிட்டால் கரும்புக் காடு.

"இன்னொரு வெட்டு இந்தக் காலு தாங்காதும்மா" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். எங்கள் கடையில் பயோடேட்டா என்றால் கல்யாணத்துக்குத்தான். ஒருவழியாகப் பெயர் தெரிந்ததும், பழைய ஃபைலைத் திறந்து அதை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டேன். எட்டாவது படித்தவர், எழுத்தெழுத்தாகப் படிப்பார். 'எதிர்பார்ப்பு: நல்ல குடும்பத்துப் பெண்' என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டு, வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருப்பதாகத் தெரிவித்தார். அந்த வரியை எடுத்தேன். ராசி, நட்சத்திரத்தை மட்டும் எடுக்க விடவில்லை. மேனேஜருக்கும் தனக்கும் ஒத்துவருமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமாம்.

அடுத்து விலாசம்.

"வூட்டு விலாசம் போடாதம்மா. நான் கேட்டாண்ட நின்னுகினு இருக்கற நேரத்துல வூட்ல ஆம்பள இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"எவனுக்குங்க?"

"அதான் தெரியலயே. தெரிஞ்சா நான் ஏன் பயப்படப் போறேன்?"

செல் நம்பரில் ஒன்பது இலக்கம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கடைசி இலக்கத்தை மேனேஜரிடம் நேரில் சொல்லிக்கொள்வதாகத் திட்டம். ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் போன பிறகு, என் டைப்பிங் பலகையில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

இப்படிப்பட்ட ஆளிடம் முன் அனுபவம் கேட்டால், ஒன்றுமில்லை என்றார். தோண்டித் துருவியதில், கல்வராயன் மலையில் ஆறு வருடம் மக்காச்சோளக் காட்டுக்குப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காத்த கதை வந்தது. எனக்கு உயிர் வந்தது. 'காட்டுப் பன்றிகளிடமிருந்து பயிரைப் பாதுகாத்தவர்' என்று அடித்தேன். அவர் முகம் சுருங்கியது. இரண்டு தடவை பன்றி உள்ளே புகுந்துவிட்டதாம், அதையும் போட வேண்டுமாம். பன்றி வந்து சாட்சியா சொல்லப் போகிறது என்றேன்.

"பன்னி சொல்லாது. காட்டுக்காரரு சொல்லுவாரு."

கடைசியில் 'ஆறு ஆண்டுகளில் பன்றி புகுந்தது இரண்டு முறை மட்டுமே' என்று போட்டோம். அந்த 'மட்டுமே'வை நினைத்து எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மூன்றாம் நாள் இதெல்லாம் முடிந்து மூச்சுவிடும்போது கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கட்டம்: உங்களை நன்கு அறிந்த, நம்பிக்கையான ஒருவரின் பெயர், எண், எப்படித் தெரியும். மேஸ்திரி பெயரைப் போடலாமா என்றேன். அவர் ஆளை விடக்கூடாது என்று காரியத்தைக் கெடுத்துவிடுவாராம். மச்சான்? பேச்சுவார்த்தை இல்லை. வார்டு கவுன்சிலர்? அவரை யார் நம்புவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்றைக்குத்தான் கடைசி நாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை.

படிவத்தோடு ஆதார் நகல் வேண்டும். அவர் ஆதாரைக் கையை விட்டு விடமாட்டார். மெஷினில் வைத்தாலும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே நிற்பார், நகலில் பெருவிரலும் சேர்ந்து விழும். அன்றைக்கு என்னவோ அட்டையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கடையில் கூட்டம். பதறிப்போய், நகல் எடுத்த கையோடு அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இடது கையால் மறைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் ஏதோ எழுதினார், உறையில் போட்டு ஒட்டினார், போய்விட்டார்.

நான்கு நாள் தகவல் இல்லை. கும்பல் மறுநாள் காலையில் கிளம்புகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம், கடை போர்டில் என் பெயரோடு போட்டிருக்கும் செல்லுக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. கல்லூரி மேனேஜர்.

"எத்தனை தடவை போட்டாலும் அந்த ஆள் போனை எடுக்க மாட்டேங்கறாரும்மா. நம்பிக்கையான ஆளுன்னு உங்க பேரை எழுதியிருக்காரு. எப்படித் தெரியும்கற இடத்துல, 'என் ஆதார் கார்டை இந்தப் பொண்ணு கையில விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கேன்'னு எழுதியிருக்காரு. அப்படின்னா இன்னாம்மா அர்த்தம்?"

உங்கள் கேட்டுக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார் சார் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். நாளைக்குக் காலையில் யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வரச் சொன்னார்.

உஷாருக்குப் போன் செய்தேன். யார் பேசினார், எந்த எண், உண்மையான மேனேஜர்தானா என்று குடைவார் என்று பதில்களைத் துண்டுத் தாளில் வேறு எழுதி வைத்துக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ சொன்னா சரிம்மா" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இந்தக் கடையில் எத்தனையோ பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒருவர் கொடுத்தது அது ஒன்றுதான்.