கேஸ் இருந்தால் ஷெட், இல்லாவிட்டால் வாசல்

கார் ஷெட்டை எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நெவில் கிளெக் முடிவு செய்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்த முகம் அதை உடனே ஆமோதித்தது. அறுபத்து நான்கு வயதில் அந்த வீட்டில் அவர் பேச்சுக்குத் தலையாட்டும் ஒரே முகம் அதுதான்.

முடிவில் கொஞ்சம் அவசரம் இருந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே அவர் மனைவி டோரீன் யூஃபோனியத்தை இடுப்பில் அணைத்தபடி காத்திருந்தாள். யூஃபோனியம் என்பது ஊர் பேண்டில் ஊதுகிற பித்தளை வாத்தியம். பருமனில் ஒரு கைக்குழந்தை, குரலில் ஒரு எருமை. கூடத்தில் ஊதினால் அலமாரித் தட்டுகள் ஆடின. படுக்கையறையில் ஊதினால் வலது பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதனால் டோரீன் காலிக் குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்து பயிற்சி செய்தாள். பதினொரு வருடம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தவளுக்கு, இந்த வசந்தகாலப் போட்டியில்தான் முதல் தடவையாகத் தனி வாசிப்புக் கொடுத்திருந்தார்கள். அதைக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து தயார் செய்வது அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஒருநாள் சும்மா ஷெட்டில் போய் ஊதிப் பார்த்தாள். சிமெண்டுத் தரை, உயரமான தகரக் கூரை. நாதம் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அவள் கண் ஷெட் மேல்.

ஷெட்டில் நெவிலின் பழைய மோரிஸ் மைனர் கார் நின்றது. ஊரை ஒட்டிய விரிகுடாவின் உப்புக்காற்று நாற்பது வருடமாக அதன் அடிப்பாகத்தை நிதானமாகத் தின்றிருந்தது. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் ஷெட்டின் தரை தெரியும். இந்தக் கோடைக்குள் வெல்டிங் முடித்து, வருடாந்திரப் பரிசோதனையில் தேறி, கடற்கரைச் சாலையில் ஒரு ரவுண்டு அடித்தே தீருவது என்பது அவருடைய சபதம்.

அந்த வெல்டிங்கில்தான் ஷெட்டின் தலையெழுத்தும் இருந்தது. அவர் வாங்க நினைத்தது, கம்பி தானாக வந்து உருகி ஒட்டுகிற மெஷின். கேஸ் வைத்து ஓட்டினால், உருகுகிற இடத்தைச் சுற்றி கேஸ் ஊதிக் காப்பாற்றும். ஆனால் கொஞ்சம் காற்றடித்தாலும் கேஸ் கலைந்துபோய் வேலை கெடும். ஆகவே நான்கு சுவரும் சாத்திய கதவும் வேண்டும். கேஸ் இல்லாத வகையில் கம்பிக்குள்ளேயே மருந்து இருக்கும். புகை வரும், பொறி தெறிக்கும், ஆனால் காற்றைப் பற்றிக் கவலையில்லை. வாசலில் காரை நிறுத்தியே செய்யலாம்.

ஆக, கேஸ் என்றால் ஷெட் நெவிலுக்கு. கேஸ் இல்லையென்றால் ஷெட் டோரீனுக்கு. இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு குளிர்காலமாகச் சாப்பாட்டு மேசையில் இந்த வெல்டிங்கைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

ஒரு நாள் மாமிசத் தட்டை ஓரம்கட்டிவிட்டு முள்கரண்டியையும் கத்தியையும் வைத்தே பாடம் நடத்தினார்.

"முள்கரண்டிதான் டார்ச், கம்பி உருகி வர்ற கைப்பிடி. கத்திதான் எர்த், தகட்டைக் கவ்வற வயர். கேஸ் வெச்சு ஓட்டினா இதோ, எப்பவும் வெக்கிற மாதிரி முள்கரண்டி இடது பக்கம், கத்தி வலது பக்கம். கேஸ் இல்லன்னா ரெண்டு வயரையும் இடம் மாத்திப் பூட்டணும். மாத்தலன்னா?"

"மாத்தலன்னா?" என்றாள் டோரீன், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காறித் துப்பின மாதிரி இருக்கும். பாதிப் பேர் இந்தத் தப்பைத்தான் பண்றாங்க. பண்ணிட்டு, கேஸ் இல்லாத வெல்டிங்கே மோசம்னு திட்டறாங்க."

"பாவம்" என்றாள் டோரீன். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மெஷின் வந்தது. இரண்டு விதமாகவும் ஓடக்கூடியது. கூடவே ஒரு சின்ன கேஸ் சிலிண்டர். அன்றைக்கே டோரீன் பேச்சை எடுத்தாள். சண்டை வேண்டாம், இரண்டு விதமாகவும் ஒவ்வொன்று போட்டுக் காட்டு, வில்ஃப் பார்த்துச் சொல்லட்டும், எது நன்றாக இருக்கிறதோ அதுதான், அதற்குத் தகுந்தபடி ஷெட் என்றாள்.

வில்ஃப் இடது பக்கத்து வீடு. வயது எழுபத்தொன்பது. நாற்பது வருடம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அங்கே கேட்ட சம்மட்டிச் சத்தத்தில் காது போய்விட்டது. கிட்டத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். கண் மட்டும் இன்றைக்கும் பழுதில்லை. நெவில் யோசித்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பவன் நல்ல வெல்டர். வில்ஃபுக்கோ சத்தமே கேட்காது. இதைவிட நல்ல நடுவர் எங்கே கிடைப்பார்?

"சரி" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

வில்ஃப் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து மருந்துக் கம்பியை மாட்டினார். வயர்களை மட்டும் கேஸுக்கு இருக்க வேண்டிய மாதிரியே விட்டுவிட்டார். எந்தத் தப்பைப் பாதிப் பேர் தெரியாமல் செய்கிறார்களோ, அதை அவர் தெரிந்தே செய்தார். வில்ஃபின் கண் அங்கே போகாதபடி வயர் பூட்டிய இடத்தின் மேல் ஒரு எண்ணெய்த் துணியைத் தொங்கவிட்டார். முதலில் கேஸ் இல்லாமல் போடுவது, அது அசிங்கமாக வரும். பிறகு கேஸ், அது அழகாக வரும். வயரைத் தொடவே வேண்டாம். மனசாட்சி ஏதோ சொல்ல வந்தது. அவர் மோரிஸ் மைனரைப் பார்த்தார். மனசாட்சி உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை டோரீன் ஒரு அதிசயம் செய்தாள்.

"இன்னிக்கு நான் ஊதல. நீ நிதானமா வெந்நீர் விட்டுத் தொட்டியில ஊறிக் குளி கண்ணு. வெல்டிங் போட்டிக்குப் போற ஆளு."

நெவிலுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று முக்கால் மணி நேரம் வெந்நீரில் கிடந்து வருத்தப்பட்டார். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு வில்ஃப் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டோரீன் பின்னலோடு நின்றாள். நெவில் இரண்டு துண்டுத் தகடுகளைச் சேர்த்து வைத்து, முகமூடியை இறக்கி, டார்ச்சை அழுத்தினார்.

புகை வந்தது. மற்றதெல்லாம் தப்பாக நடந்தது. அதாவது சரியாக நடந்தது. மெஷின் துப்பவில்லை. ஒரே சீராகப் பொரிந்தது. வில்ஃப் சுத்தியலால் கசடைத் தட்டி, பிரஷ்ஷால் தேய்த்தார். அடியில் மினுமினுவென்று ஒரு கோடு. நெவில் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கோடு போட்டதில்லை.

"நீயா தம்பி போட்ட?" என்றார் வில்ஃப்.

நெவில் தலையாட்டினார். குருட்டு அதிர்ஷ்டம், அவ்வளவுதான், கேஸ் இதைவிட நன்றாக வரும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்து கம்பியை மாற்றினார். சிலிண்டரைத் திறந்தார்.

"வயரை மாத்தணுமே தம்பி. மறந்துடாதே" என்றார் வில்ஃப்.

எப்படி மாற்றுவது? மாற்றினால்தானே கெட்டுப்போகும். ஆனால் நாற்பது வருட வெல்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெவில் ஸ்பேனரை எடுத்தார். அவருக்கு முதுகைக் காட்டி, துணிக்குக் கீழே கையை விட்டு, ஒன்றையும் தொடாமல் இரண்டு நிமிடம் வெறும் காற்றைத் திருகினார். பல்லைக் கடித்தார். ஒருமுறை முனகவும் செய்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மாத்தியாச்சு" என்று கத்தினார்.

டோரீன் பின்னலில் ஒரு கண்ணி விட்டுவிட்டாள் போலிருந்தது. தலையைக் குனிந்து நெடுநேரம் தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

நெவில் டார்ச்சை அழுத்தினார். மெஷின் இருமியது, காறியது, துப்பியது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது தகட்டின் மேல் உருண்டை உருண்டையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. வில்ஃப் விரலால் நெம்பினார். ஒரு உருண்டை கையோடு வந்துவிட்டது.

"முதல்ல போட்டவன் வெல்டர்" என்றார் வில்ஃப். "ரெண்டாவது போட்டவன் கஞ்சி ஊத்தியிருக்கான்."

"இன்னொரு தடவை போடறேன்."

"போடட்டுமே வில்ஃப்" என்று டோரீன் அவர் காதருகே போய்க் கத்தினாள். "ஒருவேளை வயரை மாத்த மறந்துட்டாரோ என்னவோ."

"மறக்கலயே. நான்தான் கண்ணால பாத்தேனே. ரெண்டு நிமிஷம் முக்கி முக்கித் திருகினான். இல்லையா தம்பி?"

நெவில் வாயைத் திறந்தார். திருகவில்லை என்று சொன்னால், அந்த இரண்டு நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஏன் மாற்றவில்லை என்றால், ஏற்கெனவே கேஸுக்குத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் முதலில் ஏன் அப்படி வைத்தாய்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய திருட்டுத்தனமே வழிமறித்து நின்றது.

"ஆமா" என்றார். "திருகினேன்."

"அப்ப கேஸ் உன் கைக்கு ஒத்துவரல. விட்டுடு" என்று சொல்லி வில்ஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டார். டோரீன் அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

தனியாக நின்ற நெவில் துணியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு வயர்களும் இடம் மாறி, கேஸ் இல்லாமல் ஓட்ட எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, கச்சிதமாகப் பூட்டியிருந்தன. குனிந்து முகர்ந்தார். யூஃபோனியத்துக்கு விடுகிற எண்ணெய் வாசனை வந்தது. வெந்நீரில் ஊறிய முக்கால் மணி நேரம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

உள்ளே போகும்போது கோபம் இருந்தது. நடையில் வீறாப்பும் இருந்தது. கேட்டே விடுவது. கேட்டால் தானும் மாட்டுவோம் என்பது சமையலறை வாசலில்தான் உறைத்தது. ஆகவே நயமாக ஆரம்பித்தார்.

"டோரீன், காலையில ஷெட்டுப் பக்கம் போனியா?"

"போனேனே. ஏன், ஏதாவது இருக்கவேண்டிய இடத்துல இல்லையா?"

நெவில் யோசித்தார். நியாயமாகப் பார்த்தால் அந்த மெஷினில் எல்லாமே இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தார்.

வறுத்த மாட்டிறைச்சி வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. வில்ஃப் கிரேவியை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நெவில் கை நீட்டினார். நீட்டிய கை நின்றுவிட்டது. வில்ஃபின் தட்டைப் பார்த்தார், டோரீனின் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். அவர் தட்டுக்கு மட்டும் கத்தி இடது பக்கம் இருந்தது. முள்கரண்டி வலது பக்கம்.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள்.

"என்ன கண்ணு பாக்கற? கேஸ் இல்லன்னா மாத்தி வெக்கணும்னு நீதானே சொன்ன. சாப்பிட்டுட்டு காரை வாசலுக்குத் தள்ளிடு. மூணு மணிக்கு நான் ஊதணும்."